கும்பிடுசாமியின் கரடி

ஒரு கரடி வாளியை எந்தக் கையில் பிடித்தால் என்ன? சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே என் ஓரகத்தியிடம் இதைத்தான் கேட்டேன். கேட்ட தொனி நன்றாக இல்லை என்பது எனக்கே தெரியும். வருஷக்கணக்காக வாடிக்கையாளர்களோடு மல்லுக்கட்டியதில் என் வாய்க்கு வேறு தொனி மறந்துவிட்டது.

என் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு வந்தவள் அவள். வீட்டில் எல்லோருக்கும் சின்னவள். பெரியவள் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்ணன் தம்பி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சரக்கு வண்டி ஓட்டுகிறார்கள். சவாரி கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் வண்டியைத் துடைத்துத் துடைத்தே பெயிண்ட்டை உரித்துவிடுவார்கள். நான் வீட்டில் இருந்தபடியே படம் வரைந்து கொடுக்கிறவள். பாடப் புத்தகத்தில் தவளையின் வயிற்றை அறுத்துக் காட்டும் படம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளில் கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொள்ளும் ஆள், இதெல்லாம் என் கைவண்ணம்தான். யாரும் சட்டம் போட்டு மாட்டி வைக்க மாட்டார்கள். என் வரும்படியும் வந்தால் வந்ததுதான். மாதம் பிறந்தால் தவறாமல் இந்த வீட்டுக்குள் வருவது சின்னவளின் சம்பளம் ஒன்றுதான். ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் உட்கார்ந்துகொண்டு, ஊரில் யார் எப்போது வாயைத் திறக்க வேண்டும் என்று முடிவு செய்கிறவள் அவள்.

அவளும் வரைவாள். நோயாளிகள் வராத நேரத்தில் சீட்டுகளின் பின்பக்கம் கிறுக்க ஆரம்பித்து, பிறகு இணையத்தில் படம் போட ஆரம்பித்தாள். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் அவளுக்கு எழுதினார். குழந்தைகளுக்குப் படப்புத்தகம் போடும் புதிய பதிப்பகமாம். அவருடைய ஒவ்வொரு செய்தியும் கூப்பிய கைகளோடுதான் முடியும். 'உங்கள் கோடுகளில் உயிர் இருக்கிறது.' ஒரு கும்பிடு. 'சோதனைக்காக ஒரே ஒரு படம் மட்டும்.' இன்னொரு கும்பிடு. நான் அவருக்குக் கும்பிடுசாமி என்று பெயர் வைத்தேன். சின்னவளுக்கு அது பிடிக்கவில்லை.

கும்பிடுசாமி ஒரு கரடியின் மாதிரிப் படத்தை அனுப்பியிருந்தார். மஞ்சள் மழைக்கோட்டு, காற்சட்டை முழங்காலில் சிவப்பு ஒட்டுத்துணி, கையில் ஒரு வாளி. அந்தக் கரடி மரப்பாலத்தைக் கடக்கிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார். சின்னவள் வரைந்து அனுப்பினாள். மழைக்கோட்டின் பித்தானைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். ஆக்கினாள். பிறகு வாளியை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றச் சொன்னார். அதற்காக அவள் கரடியின் தோளையே திருப்பி, முழுப் படத்தையும் மறுபடி வரைந்துகொண்டிருந்தாள். அப்போதுதான் நான் அந்தக் கேள்வியைக் கேட்டேன்.

"அவங்களுக்கு எல்லாம் சுத்தமா இருக்கணும்க்கா. பெரிய இடம்னா அப்படித்தான்," என்றாள்.

"பெரிய இடத்துக்கு ஒரு விலாசம் இருக்குமே. கேட்டியா?"

"கேட்டேன். ஆபிஸ் மாத்திக்கிட்டு இருக்காங்களாம்."

"சட்டையை வாங்கறதுக்கு முன்னாடி போட்டுப் பாக்கலாம், தப்பில்ல. போட்டுப் பாக்கும்போதே கையைக் குட்டை பண்ணித் தைச்சுக் குடுன்னு கேப்பாங்களா? சோதனைன்னா பாக்கணும், புடிச்சா வேலை குடுக்கணும், இல்லைன்னா போயிட்டு வாம்மான்னு சொல்லணும். சரி, ஒப்பந்தம்?"

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். "முழு நேரமா வரையறவங்களுக்குத்தான் ஒப்பந்தம் போடுவாங்களாம். வேற வேலையில இருக்கறவங்க நேரத்துக்கு முடிக்க மாட்டாங்கன்னு சொல்றாங்க. இந்த ஒரு படம், அப்புறம் இன்னொண்ணு. அது ஓக்கே ஆயிடுச்சுன்னா வருஷம் முழுக்க வேலை. அதான்..."

"அதான்?"

"ஆஸ்பத்திரி வேலையை விட்டுடலாம்னு இருக்கேன்."

என் கையிலிருந்த தட்டு தொட்டிக்குள் விழுந்தது. அவளுடைய டாக்டரம்மா நல்ல மனுஷிதான். ஆனால் அந்த அம்மாளின் அக்கா மகள் படிப்பை முடித்துவிட்டு அதே நாற்காலிக்காகக் காத்திருக்கிறாள். சின்னவள் எழுந்தால், சூடு ஆறுவதற்குள் அந்தப் பெண் உட்கார்ந்துவிடுவாள். போனால் போனதுதான்.

இதைப் பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "வெளுத்ததெல்லாம் பாலுன்னு நம்பற உனக்கெல்லாம் யாரு கம்ப்யூட்டர் வாங்கிக் குடுத்தது?" என்றேன்.

அவளுக்கு முகம் சிவந்துவிட்டது. "எனக்கு வந்தது உங்களுக்கு வரலையேன்னு இருக்கா அக்கா?"

சொல்லிவிட்டு, படத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போய்விட்டாள்.

அவள் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருந்தது, அதனால்தான் அப்படிச் சுட்டது. இத்தனை வருஷம் குப்பை கொட்டுகிறேன், ஒருத்தன் எனக்கு எழுதவில்லையே என்று முதல் நாளே நினைத்தேன். அப்புறம் யோசித்ததில் அதற்குப் பதிலும் கிடைத்தது. விலாசம் கேட்கக் கற்றுக்கொண்டவளிடம் அவன் ஏன் வரப்போகிறான்? வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாதவர்களாகப் பார்த்துத்தானே போவான். ஆனால் இது என் ஊகம். ஊகத்தை வைத்துக்கொண்டு சண்டை போடலாம், சண்டையை ஜெயிக்க முடியாது.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசியதெல்லாம் "கேஸ் தீந்துடுச்சுக்கா", "தண்ணி வந்துடுச்சுக்கா" என்ற அளவில்தான். பாலத்துக் கரடி திருத்தி முடிந்து, கும்பிடுசாமிக்குப் போய், ஓக்கே ஆகி, அச்செடுத்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டப்பட்டது. நான் தண்ணீர் பாட்டில் எடுக்கும்போதெல்லாம் அது இடது கையில் வாளியோடு என்னைப் பார்த்தது. அவள் அடுத்த படத்தில் மும்முரமானாள். என்ன படம் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

என் வீட்டுக்காரர் மட்டும் ஒரு நாள் சொன்னார். "நீ நல்லதைச் சொன்னாலும் திட்டற மாதிரியே சொல்றே. அவ என்ன செய்வா?"

"நீங்க சொல்லிப் பாருங்களேன்."

"எனக்குக் கரடியைப் பத்தி என்ன தெரியும்?" என்று வண்டியைத் துடைக்கப் போய்விட்டார்.

விஷயம் எனக்குப் பிடிபட்டது என் சொந்த வேலையில்தான். ஒரு மருந்துக் கம்பெனிக்காகக் கண்ணில் சொட்டு விடும் ஆளை வரிசையாகப் பல படங்களில் வரைந்து கொடுத்திருந்தேன். திருப்பி அனுப்பிவிட்டார்கள். இரண்டாவது படத்தில் மருந்துப் புட்டி வலது கையில், மூன்றாவது படத்தில் இடது கையில். என் கவனக்குறைவு. தலையில் அடித்துக்கொண்டு திருத்த உட்கார்ந்தவள், பாதியில் அப்படியே நிறுத்திவிட்டேன்.

தனியாக ஒரு படம் என்றால் புட்டி எந்தக் கையில் இருந்தாலும் யாருக்கும் கவலையில்லை. அடுத்த படம் என்று ஒன்று இருந்தால்தான் கை முக்கியம்.

அப்படியானால் கும்பிடுசாமியிடம் அடுத்த படம் இருக்கிறது. அதில் கரடி இடது கையில் வாளி வைத்திருக்கிறது. அதை வரைந்தது சின்னவள் இல்லை. வேறு யாரோ. அந்த யாரோவிடமும் 'சோதனைக்காக ஒரே ஒரு படம்' என்று கும்பிட்டிருப்பான். பக்கத்துக்கு ஓர் ஆளைப் பிடித்து, ஒரு முழுப் புத்தகத்தையும் ஓசியில் வரைந்து வாங்கிக்கொண்டிருக்கிறான். ஊரான் வீட்டு நெய்யே, என் பொண்டாட்டி கையே!

ஆனால் அந்த யாரோவைக் கண்டுபிடிப்பது எப்படி? என்னைப் போலச் சொந்தமாக வரைந்து பிழைக்கிறவர்களுக்குக் கைபேசியில் ஒரு குழு உண்டு. முதுகுவலிக்கு எந்தத் தைலம் நல்லது, எந்தக் கடையில் தாள் மட்டம், எவன் இழுத்தடிக்கிறான் என்று நாள் முழுக்கப் பேசுவோம். வரப்போகிற வாடிக்கையாளரைப் பற்றி மட்டும் ஒருவரும் மூச்சு விட மாட்டோம். சொன்னால் அடுத்தவர் கொத்திக்கொண்டு போய்விடுவாரே! நானும் சொன்னதில்லை. கும்பிடுசாமி வேறு, 'போட்டிப் பதிப்பகங்களுக்குத் தெரிந்துவிடும், யாரிடமும் சொல்ல வேண்டாம்' என்று சின்னவளிடம் கேட்டுக்கொண்டிருந்தான். எங்களைப் பற்றி எங்களைவிட அவனுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

'யாராவது கரடி வரைகிறீர்களா?' என்று குழுவில் கேட்டேன். ஒருவர் கட்டைவிரலைக் காட்டினார். இன்னொருவர், 'இங்கே எல்லாருமே கரடி விடுகிறவர்கள்தான்' என்று நக்கலடித்தார். மற்றபடி கப்சிப்.

நாம் முதலில் வாயைத் திறக்காமல் அடுத்தவர் வாயைத் திறக்கச் சொன்னால் யார் திறப்பார்கள்? ஒரு தாளை எடுத்தேன். மஞ்சள் மழைக்கோட்டு, சிவப்பு ஒட்டு, இடது கையில் வாளி. ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்துப் பார்த்து அந்தக் கரடியை வரைந்து, காணாமல் போனவர்களைத் தேடும் விளம்பரம் போலக் கீழே எழுதினேன். 'இந்த ஆளை எங்கேயாவது பார்த்தவர்கள் தயவுசெய்து சொல்லவும். இவனை நம்பி எங்கள் வீட்டுப் பெண் இருக்கிற வேலையை விடப் போகிறாள். எனக்குப் பயமாக இருக்கிறது.'

கடைசி வரியை நான் எழுதினேன் என்று எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் உண்மை அதுதான்.

முதலில் பேசியவர் நரைத்தாடி. எங்கள் குழுவிலேயே மூத்தவர், சிடுமூஞ்சி என்று பெயரெடுத்தவர். குழுவில் பேசவில்லை, எனக்குத் தனியாகப் போன் செய்தார்.

"அந்தக் கரடி உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?"

"ஏன் சார்?"

"அது என் கரடிம்மா. நான் உருவாக்கினது. சோதனைக்குன்னு கேட்டான், வரைஞ்சு குடுத்தேன். அப்புறம் ஆளைக் காணோம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வெளிய சொல்லாதீங்க. இந்த வயசுல ஏமாந்தேன்னா சிரிப்பாங்க."

அடுத்து, இரட்டைக் குழந்தைகளை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வரைகிற ஒருத்தி. கரடி படகில் ஏறும் படம் அவளுடையது. குழந்தைகள் தூங்கும் நேரத்தில் வரைந்தாளாம். பிறகு இன்னொருவர், இன்னொருவர். ஒவ்வொருவரும் தனித்தனியாக என் காதில் வந்து சொல்லிவிட்டு, வெளியே சொல்லாதே என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் கோபத்தால் உபயோகம் விளைந்தது அன்றைக்குத்தான்.

குழுவில் போட்டேன்: 'எல்லாரும் வெளியே வாருங்கள். இங்கே யாருக்கும் மானம் போகவில்லை. ஒளிந்துகொள்ள வேண்டியது நாமில்லை, அவன்.'

பிறகு நரைத்தாடி தன் படத்தைப் போட்டார். சிடுமூஞ்சியே வந்துவிட்டார் என்றதும் மற்றவர்களும் வந்தார்கள். கிணறு வற்றிப்போன கரடி மழையைத் தேடிப் புறப்படுகிறது. காட்டில் ஒரு பக்கம், குகையில் ஒரு பக்கம், படகில் ஒரு பக்கம். 'ஐயோ, எனக்கும் வாளியை மாற்றச் சொன்னான்!' என்று ஒருத்தி அலறினாள். நான் காட்டுக்கும் மலைக்கும் நடுவில் சின்னவளின் பாலத்தை வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மலை உச்சியில் காலி வாளியோடு கரடி நின்றுகொண்டு, ஒரே ஒரு மேகத்தைப் பார்க்கிறது. அதோடு நின்றுவிட்டது. கடைசிப் பக்கம் யாரிடமும் இல்லை.

அது யாரிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

இத்தனையும் ஒரு வழியாக வரிசைக்கு வந்தபோது மறுநாள் காலையாகியிருந்தது. சின்னவள் வேலைக்குக் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். கொழுந்தன் காபியோடு வந்து நின்றான். "அண்ணி, அவ இன்னைக்கு லெட்டரைக் குடுக்கப் போறா. நான் சொன்னாக் கேக்கல."

"இன்னைக்கா?"

"பைல வச்சு எடுத்துட்டுப் போயிருக்கா."

போன் செய்தேன். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் போனை இழுப்பறையில் போட்டுவிட வேண்டும் என்பது அவர்கள் ஆஸ்பத்திரிச் சட்டம். வீட்டு அச்சுப்பொறியில் எல்லாப் பக்கங்களையும் எடுத்தேன். பாதியில் மை தீர்ந்து, மலை உச்சிக் கரடி ரோஸ் நிறத்தில் வந்தது. பரவாயில்லை என்று ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து பாலத்தையும் பிய்த்துக்கொண்டு ஓடினேன். கொழுந்தன்தான் சரக்கு வண்டியில் கொண்டுபோய் இறக்கிவிட்டான். யாருடைய பீரோவோ பின்னால் கடகடவென்று ஆடிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியின் காத்திருப்பு அறையில் கிராம்பு எண்ணெய் வாசனை. உள்ளேயிருந்து பல்லைக் குடையும் சத்தம். ஒரே ஒரு நோயாளிதான் உட்கார்ந்திருந்தார். ஆள் மலை மாதிரி இருந்தார். மரத்துப்போக ஊசி போட்டு வெளியே உட்கார வைத்திருப்பார்கள் போலிருக்கிறது. ஒரு பக்கக் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் சின்னவள். என்னைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"என்னக்கா? வீட்ல யாருக்காவது ஏதாவது..."

"எல்லாரும் நல்லா இருக்காங்க. லெட்டரைக் குடுத்துட்டியா?"

அவள் முகம் கதவு சாத்திக்கொண்டது போல ஆகிவிட்டது. "அதுக்காகவா இவ்வளவு தூரம் வந்தீங்க? வேலை நேரம்க்கா. வீட்ல பேசிக்கலாம்." மேசைத் தொலைபேசி அடித்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாருக்கோ நேரம் குறித்துக் கொடுக்க ஆரம்பித்தாள்.

கத்தியிருப்பேன். உள்ளே ஒருவர் வாயைத் திறந்து படுத்திருக்கிற இடத்தில், கையில் கருவியோடு டாக்டர் நிற்கும்போது, கத்த முடியுமா? கையிலிருந்த தாள்களைக் குட்டை மேசையில் பழைய பத்திரிகைகள் மேல் வைத்துவிட்டு, பொத்தென்று உட்கார்ந்தேன். இனி என்ன செய்வது என்று ஒன்றும் தோன்றவில்லை. நான் சண்டை போட்டு அவளை எதிர்ப்பக்கம் தள்ளிவிட்டேன், இப்போது உண்மையைக் கையில் வைத்திருந்தும் அவளிடம் கொடுக்க முடியவில்லை.

மலை மனிதர் மேசையை நோக்கிக் கையை நீட்டினார். பத்திரிகை எடுக்கிறார் என்று நினைத்தேன். எடுத்தது என் தாள்களை. முதல் பக்கத்தைப் பார்த்தார், இரண்டாவதைப் பார்த்தார். எழுத்து ஒன்றுமில்லை, படம் மட்டும்தான். ஆனாலும் அவர் படித்தார். கிணற்றுக்குள் கரடி எட்டிப் பார்த்தபோது அவரும் எட்டிப் பார்த்தார். படகு ஆடிய இடத்தில் 'ம்ம்' என்றார். கடைசியில் மலை உச்சிக்கு வந்தார். தாளைத் திருப்பினார். பின்பக்கம் காலி. பத்திரிகைகளுக்கு அடியில் தேடினார். என் நாற்காலிக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, மரத்த வாயால் பாதிச் சொல்லும் கையால் மீதியுமாக, அடுத்த பக்கம் எங்கே என்று கேட்டார்.

"அவங்ககிட்ட இருக்கு," என்று கண்ணாடித் தடுப்பைக் காட்டினேன்.

அவர் எழுந்துபோய், மலை உச்சிக் கரடியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்தார். மறு கையால் கண்ணாடியைத் தட்டினார்.

சின்னவள் போனைக் காதில் வைத்தபடியே நிமிர்ந்தாள். அதே மழைக்கோட்டு. முழங்காலில் அதே ஒட்டு. ரோஸ் நிறத்தில் இருந்தாலும் அவளுக்குத் தெரியாத கரடியா? ஆனால் அவள் வரைந்த கரடி இல்லை. "அப்புறம் கூப்பிடறேங்க," என்று போனை வைத்துவிட்டு வெளியே வந்தாள்.

பக்கங்களை மேசையில் வரிசையாகப் பரப்பி மட்டும் வைத்தேன். அவள் மலை மனிதருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். காட்டுப் பக்கத்தில் இடது கை. அடுத்து அவளுடைய பாலம், அவள் தோளைத் திருப்பித் திருப்பி வரைந்த அதே இடது கை. அடுத்து மலை, இடது கை. அவள் விரல் மூன்று வாளிகளையும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொட்டது. பிறகு ஒவ்வொரு பக்கத்தின் மூலையிலும் இருந்த வேறு வேறு கையெழுத்துகளைத் தொட்டது.

"அக்கா, எத்தனை பேரு?"

"உன்னோட சேத்து ஒன்பது."

"எல்லாருக்கும் சோதனைக்குன்னுதான் சொன்னானா?"

"எல்லாருக்கும்."

"கோடுகள்ல உயிர் இருக்குன்னு?"

"எல்லாருக்கும். எங்க நரைத்தாடிக்குக்கூட."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மலை மனிதர் சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து நீட்டினார். பல்லுக்காக வைத்திருந்தது, ஆனாலும் சுத்தமாக இருந்தது.

"இவங்க எல்லாம் நல்லாத்தான் வரைஞ்சிருக்காங்கக்கா," என்றாள். "அது பொய் இல்ல."

"பொய் இல்ல. அவன் குடுக்கறேன்னு சொன்ன வேலைதான் பொய். கடைசிப் பக்கத்தை அனுப்பிட்டியா?"

"சாயங்காலம் அனுப்பறதா இருந்தேன்."

அப்பாடா! முதுகை நாற்காலியில் சாய்த்துக்கொண்டேன். இழுப்பறையிலிருந்து அவள் தன் கைபேசியை எடுத்துவந்து, முதலில் என்னிடம் காட்டாமல், இவ்வளவு நேரம் காத்திருந்த மலை மனிதரிடம் காட்டினாள். அவர் பார்த்தார். முகத்தில் அசைய முடிந்த பாதியால் சிரித்தார். டாக்டரம்மா கூப்பிட்டதும், பல் பிடுங்கப் போகிறவர் போலவே இல்லாமல் நிம்மதியாக எழுந்து உள்ளே போனார்.

பிறகுதான் நான் பார்த்தேன். கொட்டுகிற மழை. கரடி மழைக்கோட்டைக் கழற்றி எறிந்துவிட்டது. வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, கண்ணை மூடி, முகத்தை வானத்துக்குக் கொடுத்திருக்கிறது. தண்ணீர் எடுக்க வந்ததையே மறந்துவிட்டது. அதன் கால்விரல்கள் மட்டும் சேற்றுக்குள் சந்தோஷமாக விரிந்திருந்தன. அந்தக் கால்விரல்களை நான் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது.

மற்ற வேலைகள் மளமளவென்று நடந்தன. அன்றே ஒன்பது பேரும் தங்கள் தங்கள் பக்கத்தைத் தங்கள் பெயரோடு இணையத்தில் போட்டோம். நான் ஒன்றும் வரையாதவள், ஆனாலும் 'போட்டோம்' என்றுதான் சொல்லுவேன். எல்லாவற்றையும் வரிசையாகக் கோத்து, யார் எதை வரைந்தது, யாரிடம் அவன் எப்படிக் கேட்டு வாங்கினான் என்றும் எழுதினோம். அச்சுக்கு ஏற்ற பெரிய அளவிலேயே சிலர் அவனுக்கு அனுப்பிவிட்டிருந்தார்கள். ஆனாலும் இனி அவன் அதை எந்த அச்சகத்துக்கும் துணிந்து கொண்டுபோக முடியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், ஒன்பது பேர் கையெழுத்தை மறைக்க முடியுமா? 'புத்தகம் வேண்டுமானால் ஒன்பது பேரிடமும் சேர்த்துப் பேசவும், ஒப்பந்தத்தோடு' என்று நரைத்தாடி அவனுக்கு ஒரு வரி எழுதினார். பதிலுக்குக் கூப்பிய கைகள் மட்டும் வந்தன. அதோடு கணக்கை மூடிவிட்டு ஆள் மறைந்துவிட்டான். 'கும்பிட்டுக்கிட்டே ஓடிட்டான்' என்று இரட்டைக் குழந்தைக்காரி எழுதினாள். குழுவே சிரித்தது. அன்று சாயங்காலமே ஒருவர், 'எனக்கு ஒரு புது ஆள் எழுதியிருக்கிறார், யாருக்காவது தெரியுமா?' என்று கேட்டார். எங்கள் குழுவில் யாரும் கேட்காத கேள்வி அது. உடனே நாலு பேர் பதில் சொன்னார்கள். நல்ல ஆள்தானாம், கொஞ்சம் இழுப்பாராம், அவ்வளவுதான்.

சின்னவள் வேலை முடிந்து வந்து, சமையலறையில் பையைத் திறந்து உறையை எடுத்தாள். ஒட்டிய ஒட்டு பிரியாமல் இருந்தது. அதை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள்.

எனக்கு ஒன்று மட்டும் புரியவில்லை. "நான் வர்றதுக்கு முன்னாடி டாக்டரம்மாவை எத்தனை தடவை பாத்திருப்பே. குடுக்கணும்னுதானே எடுத்துட்டுப் போனே. ஏன் குடுக்கல?"

அவள் குழாயைத் திறந்து கை கழுவினாள். கழுவின கையையே திரும்பக் கழுவினாள்.

"ஒரு வாரமா பைலதான் இருக்கு," என்றாள். "தெனமும் எடுத்துட்டுப் போவேன், திருப்பிக் கொண்டாந்துடுவேன். உங்க கொழுந்தனுக்குத்தான் இன்னைக்குத் தெரிஞ்சுது."

"ஏன்?"

"நீங்க ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொல்லிட்டா குடுத்துடலாம்னு இருந்தேன். அவன் ஆயிரம் சொன்னான்க்கா. அதை நம்பிப் படம் வரைய முடிஞ்சுது. வேலையை விட முடியல. அதுக்காகத்தான் பாலத்தை ஃப்ரிட்ஜ்ல ஒட்டினேன். நீங்க தெனம் பாத்தீங்க. ஒண்ணுமே சொல்லல."

இந்த வீட்டில் இவள் என் பேச்சைக் கேட்பதே இல்லை என்று இத்தனை நாள் பொருமிக்கொண்டிருந்தேன். இவள் என் ஒரு வார்த்தைக்காக ஒரு வாரமாக ஒரு கடிதத்தைச் சுமந்திருக்கிறாள்.

"அந்தக் கடைசிப் பக்கம் இருக்கே," என்றேன். குரல் எனக்கே புதிதாக இருந்தது. "நான் வரைஞ்சிருந்தா அப்படி வந்திருக்காது. அந்தக் கால்விரல் எனக்கு வராது. நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு."

அவள் ஈரக் கையோடு என்னைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. பிறகு திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தாள்.

"என்னடி சிரிப்பு?"

"நல்லவேளை இப்ப சொன்னீங்க," என்றாள். "நேத்து சொல்லியிருந்தீங்கன்னா என் வேலை போயிருக்கும்க்கா!"